இடது பக்கத்து பிரேக்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, மனைவி போனதிலிருந்து இந்த ஆளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, என் மகளே அப்படித்தான் நினைத்தாள். விழுப்புரத்தில் பைபாஸ் ஓரமாக எனக்கு ஒரு கார் மெக்கானிக் ஷெட். இருபத்தாறு வருடமாக அதுதான் என் உலகம். வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்கு ஒரு ஸ்பேனர் நம்பர் இருக்கும். நான் நம்பியதெல்லாம் அவ்வளவுதான்.

கெடாரிலிருந்து ஒரு விவசாயி தன் காரைக் கொண்டுவந்தார். ஏசி போட்டால் உள்ளே யாரோ உட்கார்ந்து அழுகிற மாதிரி சத்தம் வருகிறதாம். கண்ணாடியில் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்கில் மந்திரித்த கயிறு எல்லாம் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். ப்ளோயரைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு படி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொட்டியது, எலி சேர்த்து வைத்திருக்கிறது. அப்படியும் அந்த மனுஷர், "எலியே அதுக்கு பயந்துக்கினுதான் உள்ள பூந்திருக்கும்" என்றார். அன்றைக்கு ஷெட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நம்பமாட்டீர்கள், பக்கத்து வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வண்டி ஆடுகிறது என்று வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது, சுலபமாகச் சொல்கிறேன். எண்பதில் போகும்போது ஸ்டியரிங் கையில் ஆடினால் முன்சக்கரத்தில் கோளாறு, பெரும்பாலும் வீல் பேலன்ஸ். ஸ்டியரிங் சும்மா இருந்து சீட் ஆடினால் பின்சக்கரம். பிரேக் போடும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடி, பெடலும் காலுக்கடியில் துடித்தால் பிரேக் டிஸ்க் கோணிக்கொண்டது. கை, இடுப்பு, கால் மூன்றும் ஒழுங்காக வேலை செய்தால் போதும், பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். ஆனால் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல ரோட்டில், நல்ல வேகத்தில் ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டும். அதற்குப் பெயர் ட்ரயல்.

எனக்கும் என் மனைவி தனலட்சுமிக்கும் ட்ரயல்தான் ஊர் சுற்றல். எங்களுக்கென்று கார் கிடையாது. ஊரார் வண்டியை ரிப்பேர் செய்து, அதைத் திண்டிவனம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற சாக்கில் அவளையும் ஏற்றிக்கொள்வேன். மத்தியானம் சோறு கொண்டுவருவாள், சாப்பிட்டு முடித்ததும், "இன்னாங்க, இன்னிக்கி ட்ரயல் இருக்குதா?" என்று கேட்பாள். இருக்கிறது என்றால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். வண்டிக்காரர் ஐந்து மணிக்கு வருகிறார் என்றால் நாலே முக்காலுக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் எங்களுடையது.

அடுத்தவர் வண்டி என்பதால் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொள்வாள். சீட்டில் நன்றாகச் சாய மாட்டாள், தலை எண்ணெய் பட்டுவிடுமாம். வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டு அப்படியே கேட்டுக்கொண்டு வருவாள். கேட்டுக்கொண்டு என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் என் கைக்குத் தெரியாதது அவள் பாதத்துக்குத் தெரியும். "உங்க பக்கம் இல்ல, என் பக்கத்து முன்சக்கரம்" என்பாள். ஷெட்டுக்கு வந்து கழற்றினால் அதே சக்கரம்தான். எத்தனையோ வண்டிகளில் நான் வாங்கிய நல்ல பெயரில் பாதி அவளுடையது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு பழக்கம் அவளிடம். எதிரில் ஏதாவது குறுக்கே வருகிற மாதிரி இருந்தால், அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் அங்கே இருக்கிறதாக நினைப்பு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி எதிரில் ஆட்கள் ரோட்டைக் கடக்கிற இடம், விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசை மாறுகிற இடம், கூட்டேரிப்பட்டில் மயிலம் பஸ் திரும்புகிற இடம், இந்த மூன்று இடத்திலும் தவறாமல் அழுத்துவாள். நான் பிரேக்கைத் தொடுவதற்கு ரொம்ப முன்னாலேயே. "அங்க பிரேக்கு இல்ல தனம், நான்தான் இருக்கேன் இல்ல" என்று கிண்டல் செய்வேன். "நீங்க பாத்துக்கினுதான் இருக்கீங்க, ஆனா லேட்டாப் பாக்குறீங்க" என்பாள். 

நமக்கென்று ஒரு வண்டி வாங்கினால் முதலில் திருவக்கரை கோயிலுக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. சாமிக்காக மட்டும் இல்லை. ஐந்து மணிக்குத் திரும்பி வர வேண்டாத ஒரு பயணம் போகவேண்டும், சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார வேண்டும். வாங்கலாம், வாங்கலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மெக்கானிக் வண்டி வாங்குவது அவ்வளவு லேசு இல்லை, எந்த வண்டியைப் பார்த்தாலும் குறைதான் கண்ணில் படும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில், காலை பத்து மணி இருக்கும், வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே சாய்ந்துவிட்டாள். நான் ஒரு வண்டிக்கடியில் படுத்திருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது, கையெல்லாம் கிரீஸ், எடுக்கவில்லை. மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. அதன்பிறகு நான் ட்ரயல் போவதை நிறுத்திவிட்டேன். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வேன்.

போன வருடம்தான் வண்டி வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று கேட்டால், சொல்லிவிட்டோமே என்பதற்காகத்தான். திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூலில் ஓடிய ஒரு வெள்ளை நிற சின்னக் கார். அந்த மாதிரி வண்டிகளில் வாத்தியார் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும், பழகுகிறவர் தடுமாறினால் அவர் மிதித்துக் காப்பாற்றுவதற்கு. அதையெல்லாம் எடுத்தாகிவிட்டது என்றார் புரோக்கர். நானும் எட்டிப் பார்த்தேன், இடது பக்கம் பெடல் எதுவும் இல்லை. தரை முழுக்கப் புதிதாக மேட் ஒட்டியிருந்தார்கள். ஊரார் வண்டி என்றால் அந்த மேட்டையும் கிழித்துப் பார்த்திருப்பேன். சொந்த வண்டி என்றதும் எனக்கும் கண் மறைத்துவிட்டது பாருங்கள்.

திண்டிவனம் பைபாஸில் ஏறியதுமே தெரிந்தது. எண்பதில் ஸ்டியரிங் ஆடியது. பிரேக் போட்டால் பெடல் துடித்தது. இரண்டும் தனித்தனிக் கோளாறு, எனக்குச் சந்தேகமே இல்லை. திண்டிவனத்தில் அன்வர் பாய் என்று என் பழைய தோழர் வீல் அலைன்மென்ட்டும் டிஸ்க் லேத்தும் வைத்திருக்கிறார். டிஸ்க் வேலை என்றால் அவர் கையைத்தான் நம்புவேன், நேராக அவரிடமே வண்டியை விட்டேன். இருவருமாக உட்கார்ந்து பேலன்ஸ் பார்த்தோம், ஒரு ரிம்மில் ஈயக்கட்டி விழுந்து போயிருந்தது. டிஸ்க்கைக் கழற்றினால் அதற்குப் பின்னால் ஹப்பில் பொருக்குத் தட்டிய துரு. துரு மேலேயே டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள், அது எப்படி நேராக உட்காரும்? துருவைச் சுரண்டி, டிஸ்க்கைச் சீவி மாட்டினோம். தொண்ணூறில் போய் பிரேக் போட்டால் தட்டில் வைத்த தண்ணீர் சிந்தாது. அவ்வளவு சுத்தமான வேலை.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு, பட்டப்பகலில், தனியாக விழுப்புரத்துக்குத் திரும்பினேன். கூட்டேரிப்பட்டு வந்தது. தூரத்தில் மயிலம் பஸ் ஒன்று திரும்ப நின்றது. நல்ல தூரம், பிரேக்குக்கு அவசியமே இல்லை. என் கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது, வண்டி லேசாக இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனேன். பெடல் அதன் இடத்தில் இல்லை. ஒரு அங்குலம் உள்ளே போயிருந்தது. நான் காலை வைத்ததும் மெதுவாக மேலே எழும்பி வந்து என் பாதத்தைத் தொட்டது. அதில் ஒரு நடுக்கம், டிஸ்க் கோணியதால் வருகிற துடிப்பு இல்லை அது, பயந்தவர் கால் நடுங்குமே, அந்த மாதிரி.

பூஸ்டர் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரேக் பூஸ்டரில் ஓட்டை விழுந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும், தொழிலில் பார்த்திருக்கிறேன். சரி, நாளைக்கு மாற்றிவிடலாம் என்று வந்தேன். டோல்கேட்டுக்கு முன்னால் மறுபடி அதே மாதிரி. முண்டியம்பாக்கத்தில் மறுபடி. மற்றபடி வழி முழுக்கப் பெடல் கல் மாதிரி இருந்தது, அந்த மூன்று இடத்தில் மட்டும் இறங்கியது. மூன்றாவது தடவை நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இடது சீட்டைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பயமா என்று கேட்டால், பயம் இல்லை. அழுகை வந்தது, அதுதான் உண்மை.

மறுநாள் பூஸ்டரை மாற்றினேன். மாஸ்டர் சிலிண்டர், பெடல் ஸ்பிரிங், எதையும் விடவில்லை. மறுபடியும் அதே மூன்று இடம். திண்டிவனத்துக்குப் போய் பாயிடம் சொன்னேன்.

"பாய், பெடலு தானா உள்ள போவுது."

"தானா எப்டிப்பா போவும்? உன் காலு பட்டிருக்கும்."

"என் காலு ஆக்சிலேட்டர்ல இருக்குது பாய்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானே வண்டியை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு வரை போய்வந்தார். நான் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "அருமையா இருக்குது வண்டி, நீதான் பேஜாரு பண்ற" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவர், என்ன தோன்றியதோ, என் பக்கத்து மேட்டை ஓரமாகப் பிடித்து உரித்தார்.

மேட்டுக்கடியில் ஒரு இரும்புத் தகடு நீட்டிக்கொண்டு இருந்தது. அதிலிருந்து ஒரு ராடு, டேஷ்போர்டுக்கு அடியில் குறுக்கே ஓடி, என் பிரேக் பெடலில் போய்ச் சேர்ந்திருந்தது. "பாத்தியா? டபுள் பெடல எடுக்கச் சொன்னா, மேல இருக்கிறத மட்டும் அறுத்துட்டு ஜல்தியா மேட்ட ஒட்டிட்டானுவ. ராடு அப்டியே கெடக்குது" என்றார் பாய். கையால் தகட்டை அழுத்தினார். வலது பக்கத்தில் பிரேக் பெடல் இறங்கியது. விட்டார், எழும்பியது.

அவ்வளவுதான், கோளாறு கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் இவ்வளவு நாளும் வெறும் ராடுதானா என்றுதான் எனக்குத் தோன்றியது. மேட் சுருங்கி இதை அழுத்துகிறது என்று சொல்ல வாயெடுத்த பாய், அப்படியே நிறுத்தி, மேட்டைத் திரும்ப விரித்துப் பார்த்தார். மேட் தகட்டைத் தொடவே இல்லை, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கையால் அழுத்திய பாய்க்கே மூச்சு வாங்கியது, அந்த ஸ்பிரிங் அவ்வளவு கெட்டி.

"இத யாராச்சும் மிதிக்கணுமே ஏழுமல" என்றார் மெதுவாக. "நீ தனியாத்தான வர்ற?"

"தனியாத்தான் வர்றேன்."

பாய் ஸ்பேனரை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கட்டும் பாய், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றேன். "பிரேக்கு விஷயத்துல இன்னாப்பா அப்புறம்?" என்று கோபமாகக் கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார். எத்தனையோ தடவை தனம் அவர் கடை வாசலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறாள்.

அதற்குப்பின் மூன்று மாதம், சொன்னால் சிரிப்பீர்கள், நான் சந்தோஷமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவுடன் வண்டியை எடுத்துவிடுவேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திண்டிவனம். முண்டியம்பாக்கம் நெருங்கும்போதே காலைப் பிரேக் மேல் பட்டும் படாமல் வைத்துக்கொள்வேன். பெடல் இறங்கும், அந்த நடுக்கம் பாதத்துக்கு வரும், அப்புறம் எழும்பும். "நான் பாத்துக்கினுதான் வர்றேன் தனம்" என்று சத்தமாகவே சொல்வேன். பதில் எதுவும் வந்ததில்லை, வாசனை கீசனை எதுவும் கிடையாது, கதைகளில் வருகிற எதுவும் கிடையாது. ஒரு பெடல் ஒரு அங்குலம் இறங்கி ஏறும், அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று இருந்தது.

என் மகள் நித்யாவைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறேன். அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர முடியவில்லை, மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். ஆண் குழந்தை. ஒரு மாதம் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் கொஞ்ச நாளைக்கு நம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. சமைத்துப்போட என் தங்கச்சி செல்வியும் வருவதாகச் சொன்னாள். நம் சொந்த வண்டியிலேயே கூட்டிவருவேன் என்று பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அதற்குள் பாய் என் மருமகன் பிரபுவிடம் பிரேக் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"பிரேக்கு தானா புடிக்கிற வண்டியில எம்புள்ளய ஏத்தமாட்டேன்பா" என்றாள் நித்யா. "ஊருக்கெல்லாம் வண்டி ரெடி பண்ணிக்கினு இருக்க, உன் வண்டிய மட்டும் ஏன் அப்டியே வச்சிருக்க?"

பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"இன்னா பாத்துக்கலாம்? அம்மா இருந்தா இப்டி ஒரு வண்டியில பேரப்புள்ளய ஏத்த வுட்டிருக்குமா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் அங்கேயே தோற்றுவிட்டேன். விட்டிருக்க மாட்டாள்தான். அவள்தான் முதலில் அந்த ராடைக் கழற்றச் சொல்லியிருப்பாள்.

சரி, எடுத்துவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், திருவக்கரைக்கு வண்டியை விட்டேன். இடது சீட்டைப் பின்னால் நன்றாகச் சாய்த்து வைத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். எனக்குள்ளேயே ஒரு சந்தேகம் இருந்தது. அந்த மூன்று இடமும் எனக்குப் பழகிய இடம், ஒருவேளை என் காலே எனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறதோ, மனசுதான் விளையாடுகிறதோ என்று. திருவக்கரை ரோட்டில் நாங்கள் சேர்ந்து போனதே இல்லை. அங்கே ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பாதி தூரம் ஒன்றும் நடக்கவில்லை. கரும்புக்கு நடுவில் ஒரு வளைவு, எதிரில் எதுவும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. நான் அறுபதில் போகிறேன். பெடல் இறங்கியது. ஒரு அங்குலம் இல்லை, முக்கால்வாசி. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்ற மாதிரி ஆனது. அடுத்த நொடி வளைவிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டர் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. ஓட்டியவர், தனக்கு வழிவிடத்தான் நான் முன்னாலேயே நின்றுவிட்டேன் என்று நினைத்திருக்கவேண்டும், கையைத் தூக்கிவிட்டுப் போனார். அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. நான் லேட்டாகத்தான் பார்த்திருப்பேன்.

கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தேன். கிளப்பவில்லை. "தனம், இத எடுக்கப்போறேன். புள்ள வர்றான். நீ கோச்சிக்காத" என்றேன். பெடல் அசையவில்லை. வெயில் தாழும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லாத ஒரு நாள் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

மறுநாள் பாய் கடையில் ராடைக் கழற்றினோம். தகட்டை அறுத்து, போல்ட் ஓட்டைகளை அடைத்து, தரையைச் சமமாக்கி, மேட்டை ஒட்டினோம். "ராட இன்னா பண்றது?" என்று பாய் கேட்டார். இரும்புக் கடையில் போட்டுவிடச் சொன்னேன். விழுப்புரம் வரும் வரை மூன்று இடத்திலும் காலைப் பிரேக் மேல் பட்டும் படாமல் வைத்துக்கொண்டு வந்தேன். எதுவும் வரவில்லை. ஸ்டியரிங் ஆடவில்லை, பெடல் துடிக்கவில்லை, ஒரு குறை சொல்ல முடியாத வண்டி. இப்படி ஒரு வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் ஊரார் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையையும் தாயையும் அழைத்துவந்தேன். நித்யா குழந்தையோடு பின்சீட்டில், பக்கத்தில் என் தங்கச்சி செல்வி. பிரபு ஒரு பையோடு பைக்கில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். முன்சீட்டில் தொட்டில் சாமானை வைக்கலாம் என்றாள் செல்வி, நான் டிக்கியிலேயே திணித்தேன். பச்சைப்பிள்ளை என்பதால் ஐம்பதைத் தாண்டவில்லை. நித்யா பாதி வழியில், "இப்போ எப்டி இருக்குது பாரு வண்டி, இத முன்னாடியே பண்ணக்கூடாதா?" என்றாள். ஆமாம் என்றேன். என் பாதத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை, மூன்று இடமும் வெறும் ரோடாகக் கடந்து போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். செல்வி ஓடிப்போய் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். நான்தான் பேரனைக் கையில் வாங்கிக்கொண்டேன். நித்யா பக்கத்தில் நின்றாள், செல்வி சுற்றினாள், எல்லோரும் உள்ளே போனோம்.

சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தபோது பிரபு கேட்டார். "பிரேக்க சரி பண்ணிட்டீங்க இல்ல மாமா, அப்புறம் ஏன் அவ்ளோ முன்னாடியே போட்டுக்கினு வந்தீங்க?"

"எங்க மாப்ள?"

"கூட்டேரிப்பட்டுல, டோல்கேட்டாண்ட, முண்டியம்பாக்கத்துல. பஸ்ஸு எங்கியோ தூரத்துல நிக்குது, உங்களுக்கு பிரேக் லைட்டு எரியுது. வண்டி ஸ்லோவும் ஆவல, லைட்டு மட்டும் எரிஞ்சிக்கினே இருந்திச்சு."

நான் அந்த மூன்று இடத்திலும் பிரேக்கைத் தொடவே இல்லை. லைட் எரிய ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, பெடலுக்கு மேலே, கால் பட்டால்தான் அது வேலை செய்யும். உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டேன். ஸ்விட்ச் புதிது மாதிரி இருந்தது, ஒயர் எதுவும் உரசவில்லை. பிரபுவைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு பெடலை மிதித்து மிதித்து விட்டேன். "எரியுது மாமா, அணைஞ்சிடிச்சி மாமா" என்று சொல்லிக்கொண்டே நின்றார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ராடு இருந்தவரை என் காலுக்காவது தெரிந்தது. அதைக் கழற்றி எறிந்தவன் நான்தான். இப்போது அது பின்னால் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். ஓட்டுகிறவன் தன் வண்டியின் பின்விளக்கை எப்படிப் பார்ப்பது?

இதோடு போயிருந்தால்கூட எதையாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். பிரபு பைக்கைக் கிளப்பும்போது, அவருக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை, சும்மா நினைவு வந்து சொன்னார்.

"ஒரு தடவ அந்த ஸ்விட்ச மாத்திடுங்க மாமா. இங்க வந்து நிறுத்துனப்பகூட, நீங்க சாவிய எடுத்துக்கினு புள்ளயத் தூக்கிக்கினு போய்ட்டீங்க, லைட்டு எரிஞ்சிக்கினே இருந்திச்சு. ஆரத்தி எடுத்து எல்லாரும் உள்ள போற வரிக்கும் பாத்தேன். அப்புறம்தான் அணைஞ்சிச்சு."

ஸ்விட்சை நான் மாற்றவில்லை. அன்றைக்கு வாசலில் தங்கச்சியைக் கூப்பிட்டேன், மகளைக் கூப்பிட்டேன், பேரனைக்கூட வாடா ராஜா என்று கூப்பிட்டுத்தான் உள்ளே தூக்கிப்போனேன். வண்டியில் உட்கார்ந்திருந்தவளை ஒரு வார்த்தை, உள்ளே வா என்று கூப்பிடவில்லை.